பொறுக்கிய குப்பை எங்கே போகிறது? திருமலைக் கடற்கரைச் சிரமதானத்தின் கணக்கு

திருகோணமலையில் ஆங்கிலப் புத்தாண்டின் மறுநாள் ஒரு நினைவு நாள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, நகரக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்து கதைத்துக்கொண்டிருந்த மாணவர்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் சந்தேகநபர்களாக நிறுத்தப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். வழக்கு அப்படி முடிந்தாலும், அந்த நாளில் அந்த இடத்தில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிசம்பர் 31 இரவு அதே கரையில் கொண்டாட்டம். ஜனவரி முதலாம் திகதி விடிந்ததும் போய்ப் பார்த்தால் உடைந்த பியர் போத்தல், வெடிக் கடதாசி, சோற்றுப் பெட்டி, கோழி எலும்போடு கட்டி எறிந்த சொப்பிங் பை என்று மணல் தெரியாது. அடுத்த நாள் அந்த மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க ஆட்கள் வருவார்கள். இடையில் கிடைக்கிற அந்த ஒரு பகலில் இடத்தைத் துப்புரவாக்கிவிட வேண்டும் என்று நாலைந்து பேராகச் சேர்ந்து தொடங்கியதுதான் எங்கள் வேலை. பெயர் இல்லை, பனர் இல்லை, நிறம் நிறமான ரீசேர்ட் இல்லை. பிறகு அது ஆண்டுக்கு ஒரு நாள் என்பதில் இருந்து மாதம் ஒரு சனிக்கிழமையாக மாறியது. டச்பே கரை, பிள்ளைகள் விளையாடுகிற பகுதி, கோட்டை வாசல் வரைக்கும் உள்ள புல்வெளி ஆகியவைதான் எங்கள் எல்லை.

அங்கே குனிந்து பொறுக்குகிற எவரையும் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒருவராவது மறித்துக் கேட்பார். கச்சான் விற்கிற ஐயா ஒருவர் என்னைக் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

“தம்பி, இண்டைக்குப் பொறுக்கிறியள். நாளைக்குத் திரும்பவும் வருமே. பிறகு ஏன் இந்தப் பாடு?”

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் குப்பை எங்கிருந்து வருகிறது, பொறுக்கிய பிறகு எங்கே போகிறது என்ற இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும். கடற்கரைச் சிரமதானம் செய்கிற பெரும்பாலானவர்கள், படம் எடுத்துப் போடுகிறவர்கள் உட்பட, இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முதற் கேள்வியாகப் படுகிறது.

முதலில் வரவைப் பார்ப்போம். கரையில் கிடப்பவை எல்லாம் அங்கே வந்து இருந்தவர்கள் போட்டவை அல்ல. மூன்று வழியாக வருகின்றன. ஒன்று, கரைக்கு வந்தவர்கள் கையால் போட்டது. இரண்டு, நகரத்து வாய்க்கால்கள் கொண்டுவந்து தள்ளுவது. சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கடை வாசலிலும் விழுகிற பொலித்தீன் முதல் பெருமழைக்குக் கடலுக்குப் போய், அலையோடு கரைக்குத் திரும்புகிறது. மூன்று, கடலே கொண்டுவருவது.

மூன்றாவதில் மகாவலிக்குப் பெரிய பங்கு உண்டு. 335 கிலோமீற்றர் நீளமான ஆறு, மலையகத்தில் தொடங்கிக் கண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, எங்களுடைய கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. வழியில் உள்ள ஊர்கள் ஆற்றில் விட்டதெல்லாம் கடைசியில் மூதூர்ப் பக்கத்துக்கு வந்து சேரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து மூதூர்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வெள்ளம் வடிகிறபோது கடலுக்குப் போவது தண்ணீரும் சேறும் மட்டுமல்ல. வீட்டுக்குள் இருந்த கதிரை, வாளி, செருப்பு, உரப்பை எல்லாமே போகின்றன.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாடைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் நீரோட்டம் எங்கள் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடும். வடமராட்சி கிழக்கில் மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டு மூங்கில் மிதவைகள் கரையொதுங்கியதாகச் செய்தி வருவதைப் படித்திருப்பீர்கள். அந்த நீரோட்டம் மூங்கிலை மட்டும் தெரிந்தெடுத்துக் கொண்டுவருவதில்லை. எங்களுக்கு விளங்காத எழுத்தில் பெயர் அச்சிட்ட போத்தல்கள் தை மாதத்தில்தான் கூடுதலாக அகப்படும். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் காற்று தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும். அப்போது கரையில் கிடப்பதில் பெரும்பகுதி எங்களூர்க் குப்பை. ஆகவே ஒரே கரையில் ஆடியில் பொறுக்குவதும் தையில் பொறுக்குவதும் ஒரே வேலை அல்ல. ஆடியில் நிறைகிற சாக்கைக் குறைக்க எங்களால் முடியும். தையில் நிறைகிற சாக்கில் ஒரு பகுதிக்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, அள்ளுவதைத் தவிர.

பொறுக்கும்போது கண்ணில் படுகிற ஒரு விசயம்: மூடிகள். போத்தலைவிட மூடி பல மடங்கு கிடக்கும். முதல் நாளில் வந்த பாடசாலைப் பிள்ளைகள், “மூடியைக் கழற்றிப் போட்டிட்டுப் போத்தலை வீட்டுக்குக் கொண்டு போறவையோ?” என்று கேட்டார்கள். விடை பிளாஸ்ரிக்கின் நிறையில் இருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் செய்கிற பிளாஸ்ரிக் கடல்நீரைவிடப் பாரமானது. உள்ளே காற்று இருக்கும்வரை மிதக்கும். தண்ணீர் புகுந்தால் அடியில் போய்விடும். மூடி செய்கிற பிளாஸ்ரிக் வேறு வகை, கடல்நீரைவிட இலேசானது. அது தாழாது, சுற்றிச் சுற்றிக் கரைக்கு வந்துகொண்டே இருக்கும். எனவே கரையில் கிடக்கிற ஒவ்வொரு தனி மூடிக்கும் எங்கோ கடலடியில் ஒரு போத்தல் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். எங்கள் துறைமுகம் உலகத்திலேயே ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். ஆழம் கூடியதால் அடியில் கிடப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை.

சிகரட் அடிக்கட்டையை ‘பஞ்சுதானே, உக்கிவிடும்’ என்று மணலில் புதைக்கிறவர்கள் உண்டு. அது பஞ்சு அல்ல, பிளாஸ்ரிக் நார்தான். ரெஜிபோம் இன்னும் மோசம். மீன் பெட்டியாக வந்து, பாறையில் அடிபட்டு, வெள்ளை வெள்ளை மணியாக உதிர்ந்து மணலோடு கலந்துவிட்டால் எவராலும் பொறுக்க முடியாது. பெரிய துண்டாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தங்கூசி வலைத் துண்டும் அப்படித்தான். அது சட்டப்படி தடைசெய்யப்பட்ட வலை. ஆனால் அறுந்துபோன துண்டு சட்டத்தைப் படித்ததில்லை, கடலுக்குள் கிடந்து மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இந்த நகரத்தில் குப்பையால் சாகிறவை கடலுக்குள் மட்டும் இல்லை. திருகோணமலையின் புள்ளிமான்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியிலும் கடற்கரையிலும் கூட்டமாக நிற்கும். இரவில் நகரத்துக்குள் வந்து கடை வாசலில் படுத்திருக்கும். கோயிலுக்கு வருகிறவர்கள் படம் எடுத்து, வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த மான்கள் குப்பைத் தொட்டியில் வாய் வைப்பதை ஊரார் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இறந்த மானின் வயிற்றில் பொலித்தீன் இருந்த செய்திகளும் வந்திருக்கின்றன.

ஏன் மான் பொலித்தீனைத் தின்கிறது? அது பொலித்தீனைத் தேடிப் போவதில்லை. லஞ்ச் சீற்றில் ஒட்டியிருக்கிற சோறு, குழம்பு, உப்பு ஆகியவற்றின் மணத்துக்குப் போகிறது. மானுக்குக் கையில்லை, சீற்றைப் பிரித்து எறிய முடியாது, சுருட்டி விழுங்கிவிடும். மாட்டைப் போல அதுவும் அசைபோடுகிற பிராணி. முதல் இரைப்பையில் போன உணவு நொதித்து, திரும்ப வாய்க்கு வந்து, அரைபட்டுத்தான் அடுத்த அறைக்குப் போகும். பொலித்தீன் நொதிக்காது, அரைபடாது, அடுத்த அறைக்குப் போகிற ஒடுங்கிய வாசலையும் தாண்டாது. அங்கேயே தங்கி, அடுத்த சீற்றோடு சேர்ந்து முறுகிப் பந்தாகிவிடும். வயிறு நிறைந்த மாதிரி இருப்பதால் மான் புல் மேயாது. வெளியில் வயிறு உப்பித் தெரியும், உள்ளே பட்டினி. பல வாரங்கள் எடுத்துத்தான் சாகும். ஒரு சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே எறிந்து போனவர் அதற்குள் அந்தக் கடற்கரையையே மறந்திருப்பார்.

அதனால் எங்கள் சாக்கில் முதலில் போகிறது உணவு ஒட்டிய பொலித்தீன். மூடியும் போத்தலும் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கலாம். லஞ்ச் சீற் அன்றிரவே மானின் வயிற்றுக்குள் போய்விடும்.

இனி, பொறுக்கியது எங்கே போகிறது? கட்டிய சாக்கு நடந்து போகாது. ஒருமுறை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்ன உழவு இயந்திரம் வரவில்லை. நாங்கள் அடுக்கி வைத்த சாக்குகளை நாய் இழுத்து, காகம் கொத்தி, மான் முகர்ந்து, மூன்றாம் நாள் பார்த்தால் பொறுக்குவதற்கு முன் இருந்ததைவிட மோசம். முன்பு பரவலாகக் கிடந்ததை நாங்கள் ஓரிடத்தில் விருந்து வைத்த மாதிரிச் சேர்த்துக் கொடுத்திருந்தோம். அதன் பிறகு, வாகனம் வருகிறது என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு சாக்கும் நிரப்புவதில்லை.

வாகனம் வந்தாலும் கதை முடிவதில்லை. கிழக்கில் குப்பை மேடு என்பது பெரும்பாலும் காட்டோரம். காட்டோரத்தில் யானை உண்டு. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் பிளாஸ்ரிக்கைத் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் உலகம் முழுவதும் செய்தி வந்தது. தெற்கில் அதற்கு முன்பே மனிதர்கள் செத்தார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் வசதி குறைந்த சனம். குப்பை எப்போதும் பேச ஆளில்லாத சனத்தின் பக்கமாகத்தான் போய்ச் சேருகிறது. எங்கள் கரையைத் துப்புரவாக்கி, இன்னொரு கிராமத்தின் யானை வேலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதைத் துப்புரவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எனவே கரையிலேயே தரம் பிரிக்கிறோம். இலங்கையில் இதற்கு நிற முறை ஒன்று உண்டு: உணவுக் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், கண்ணாடிக்குச் சிவப்பு, பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், உலோகத்துக்குக் கபிலம். எங்களிடம் நிறச் சாக்கு இல்லை. அரிசிச் சாக்கின் வாயில் நிறத் துணி கட்டிவிடுவோம். போத்தலும் ரின்னும் கண்ணாடியும் பழைய சாமான் வாங்குகிற ஒருவரிடம் போய்விடும், அவருக்கு அதில் ஒரு சிறிய வருமானம். தேங்காய்க் கோம்பையும் இலையும் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குப் போகும். மிஞ்சுவது எண்ணெயும் மணலும் ஒட்டிய பொலித்தீன். இதை ஒருவரும் வாங்குவதில்லை. குப்பை மேட்டுக்குப் போகிறது இது மட்டும்தான். அதையும் கழுவி, இறுக்கிக் கட்டி, உணவு மணம் இல்லாமல் கொடுத்தால் யானையும் மானும் தேடி வருவது குறையும். கழுவுகிற வேலையைச் செய்ய ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். பொறுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் போன் கதைக்கப் போய்விடுவார்கள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வீதியிலும் பொது இடத்திலும் சேர்க்கப்படுகிற குப்பை உள்ளூராட்சி சபையின் சொத்து. அதை அகற்றுவது அதன் கடமை. சபைகளைப் பற்றிய பழைய கட்டளைச் சட்டங்களிலேயே இது இருக்கிறது. ஆகவே சிரமதானம் செய்கிறவர்கள் வாகனம் கேட்பது தயவு கேட்பது அல்ல. கடிதமாக, திகதியிட்டு, ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். எங்கள் அனுபவத்தில் வாய்ச்சொல்லுக்கு வராத உழவு இயந்திரம் கையொப்பத்துக்கு வந்தது.

பொருள்களைப் பற்றிய சட்டங்களும் உண்டு. மீதொட்டமுல்லைக்குப் பிறகு, 2017 செப்ரெம்பர் முதலாம் திகதியில் இருந்து லஞ்ச் சீற், ரெஜிபோம் சோற்றுப் பெட்டி, 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் ஆகியவை தடை. பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும், அரசியல், சமய விழாக்களில் பொலித்தீனால் சோடிப்பதும் அதே அறிவித்தலில் தடை செய்யப்பட்டவை. தேர்தலையும் திருவிழாவையும் பார்த்தவர்கள் அந்தத் தடையின் கதியை அறிவார்கள். 2021 மார்ச் 31இல் இருந்து உணவும் மருந்தும் தவிர்ந்த சிறிய சாசே பக்கற்றுகள் தடை. 2023 ஒக்ரோபர் முதலாம் திகதியில் இருந்து உறிஞ்சு குழாய், பிளாஸ்ரிக் கரண்டி, யோகட் கரண்டி, தட்டு, பிளாஸ்ரிக் மாலை, இடியப்பத் தட்டு வரைக்கும் தடை. எங்கள் சாக்கைத் தரம் பிரிக்கும்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தடைத் திகதி சொல்லலாம். சட்டம் இல்லாததால் அல்ல, கடைக்கு யாரும் போய்க் கேட்காததால் அவை வருகின்றன.

அதனால்தான் எண்ணுகிறோம். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய ஒரு துப்புரவுப் பணி, இப்போது ஒவ்வோர் ஆண்டும் செப்ரெம்பர் மூன்றாவது சனிக்கிழமையில் உலகம் முழுவதும் நடக்கிறது. இலங்கையிலும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை அதை நடத்துகிறது. அதன் விசேடம் பொறுக்குவது அல்ல, எழுதுவது. எத்தனை மூடி, எத்தனை கரண்டி, எத்தனை வலைத் துண்டு என்று ஆரம்பத்தில் இருந்தே தாளில் குறித்தார்கள். எங்கள் கணக்கு அவ்வளவு பெரிதல்ல; ஒரு பாடசாலைக் கொப்பியில் ஒரு தங்கச்சி கோடு கோடாகப் போடுவாள். ஆனால் அந்தக் கொப்பியைக் கொண்டுபோய், “அண்ணை, உங்கட கடைப் பெயர் போட்ட பெட்டி இத்தனை” என்று காட்டியபோது ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரின் முகம் மாறியதைப் பார்த்தேன். சண்டை பிடிக்கவில்லை. இப்போது அங்கே இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வாழையிலை. பார்சல்தான் இன்னும் பழையபடி.

மும்பையின் வெர்சோவா கடற்கரையை 2015 ஒக்ரோபரில் அப்ரோஸ் ஷா என்ற சட்டத்தரணி, முதிய அயலவர் ஒருவரோடு துப்புரவாக்கத் தொடங்கினார். வார இறுதி தவறாமல் வருடக்கணக்காகச் செய்தார்கள். 2018 மார்ச்சில் அங்கே கடலாமைக் குஞ்சுகள் கடலுக்குப் போன படங்கள் வெளிவந்தன. அவர் அந்தக் குப்பை வருகிற ஓடைக்கரைக் குடியிருப்புகளுக்கும் போய்ப் பேசினார் என்பதைப் பலர் சொல்வதில்லை. எங்கள் ஊரில் அந்த ஓடை, சந்தைப் பக்கத்து வாய்க்கால்.

பொறுக்கியே முடியாத குப்பையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, பின் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்து ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கலந்தன. பருப்பளவு மணிகள். தொண்டர்கள் அரிதட்டும் வாளியுமாக மணலைச் சலித்தார்கள். 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் மணிகள் தமிழ்நாட்டுக் கரைக்கும், பிறகு எங்கள் மன்னார்ப் பக்கத்துக்கும் வந்தன. எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரிதட்டுப் பிடித்தவர்களின் வேலை நட்டத்தைக் குறைத்தது. நட்டத்தைச் செய்தவரை நீதிமன்றம்தான் கேட்க முடிந்தது. சிரமதானம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

‘சிரமதானம்’ என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்பது பொருள். 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களோடு கனத்தொலுவ என்ற கிராமத்தில் நடத்திய முகாமில் இருந்து சர்வோதய இயக்கத்தின் வழியாக நாடெங்கும் பரவியது. எங்களுக்கு அது கோயில் திருவிழாவுக்கு முன் வீதி செதுக்குவது, பாடசாலை தொடங்குவதற்கு முன் கிணறு இறைப்பது. ஆனால் என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. ஆயுதம் தாங்கியவர்கள் வந்து வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூட்டிப்போய், வீதியோரப் பற்றை வெட்டச் சொல்லுவார்கள். அதற்கும் சிரமதானம் என்றுதான் பெயர். வெட்டினோம். அதில் தானம் எங்கே இருந்தது?

அதனால், மேலே இருந்து ‘துப்புரவு’ என்று ஒரு சொல் வரும்போது எங்கள் சனம் உடனே துள்ளி எழும்புவதில்லை என்றால் அது சோம்பல் அல்ல. 2025 ஜனவரி முதலாம் திகதி ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கென நியமிக்கப்பட்ட செயலணியில் தமிழரும் முஸ்லிம்களும் இல்லை என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. திட்டத்தின் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எங்கள் கரையை எங்களுக்காக யாரோ துப்புரவாக்குவதற்கும், எங்கள் கரை என்று நாங்களே இறங்குவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. கார்த்திகை மாதம் வந்தால் ஆலங்குளம் துயிலுமில்லத்தில் பற்றை வெட்டப் போகிறவர்களை எவரும் கூப்பிடுவதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தாங்களாகவே போகிறார்கள். அந்த இடம் தங்களுடையது என்று அவர்களுக்குத் தெரியும்.

கடற்கரையும் அப்படித் தோன்றத் தொடங்கினால் என்ன? எங்களோடு இப்போது முஸ்லிம் நானா ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளோடு வருகிறார். துறைமுகப் பக்கம் வேலை செய்கிற சிங்களக் குடும்பம் ஒன்றும் இரண்டு தடவை வந்தது. அவர்களுக்கு ஜனவரி 2 பற்றி நாங்கள் விளக்கம் சொல்லவில்லை. அந்த இரண்டாவது நாளில் அந்த அம்மாவே கேட்டார், சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு போத்தல் ஓடு கிடந்த பக்கத்துக்குப் போனார்.

இறங்க விரும்புகிறவர்களுக்குச் சில விசயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, எங்கள் மண்ணுக்கே உரியது: மணலில் புதைந்த உலோகத்தை இழுக்கக்கூடாது. துருப்பிடித்த குழாய், மூடிய ரின், வயர் துருத்திக்கொண்டிருக்கிற எதுவானாலும் கை வைக்காமல், அடையாளத்துக்கு ஒரு தடியை எட்ட நட்டு, பிள்ளைகளை விலக்கி, 119க்கு அழையுங்கள். நகரக் கரையில் இதற்குப் பெரிய பயமில்லை. சம்பூர், மூதூர் கிழக்குக் கரைகள் வேறு. 2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையோரம் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டு, வேலை நிறுத்தப்பட்டு, விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. எலும்பு, கிழிந்த துணி, செருப்பு ஒன்றாகக் கிடந்தால் அது குப்பை அல்ல. படம் எடுத்து, தொடாமல், அறிவியுங்கள்.

அடுத்தது, அடம்பன் கொடியை இழுத்து எறிய வேண்டாம். துப்புரவு என்ற ஆர்வத்தில் புதிதாக வருகிறவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடி. கொடியை விட்டுவிட்டு அதற்குள் சிக்கிய பொலித்தீனை மட்டும் எடுங்கள். நேரம் கூடும், பரவாயில்லை. கடல் ஒதுக்கிய பாசியும் குப்பை அல்ல.

பிள்ளைகளுக்கு ஊசி, தூண்டில் முள், கண்ணாடி ஓடு ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று சொல்லி, எழுதுகிற வேலையையும் மூடி பொறுக்குகிற வேலையையும் கொடுக்கலாம். தடித்த கையுறை, மூடிய சப்பாத்து, தொப்பி. தண்ணீரை வீட்டுப் போத்தலில் கொண்டு வாருங்கள். சிரமதானத்துக்குப் பிளாஸ்ரிக் போத்தல் பெட்டி பெட்டியாக இறக்குகிற கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். கறுப்புக் குப்பைப் பை வாங்க வேண்டாம். பழைய அரிசிச் சாக்கு பாரம் தாங்கும், கொட்டிவிட்டுத் திரும்பவும் பாவிக்கலாம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் பொறுக்கி முடிக்கலாம். அதன் பிறகுதான் தரம் பிரிக்கிற வேலை, அதற்கு நிழல் வேண்டும்.

கச்சான் ஐயாவுக்கு அன்று நான் சொன்ன பதில் சுருக்கமானது. கடல் கொண்டுவருவது திரும்ப வரும், அது உண்மை. வாய்க்கால் கொண்டுவருவது சந்தையில் நின்றால் வராது. ஆட்கள் போடுவது, போட ஓர் இடம் இருந்தால் குறையும். எங்கள் கொப்பிக் கணக்கின்படி எந்த இடத்தில் கூடுதலாகக் கிடக்கிறது என்று வரைந்து, மான் தலையை விட முடியாத மூடி போட்ட தொட்டிகளை அந்தந்த இடத்தில் வைக்கும்படி கடிதம் கொடுத்திருக்கிறோம். பிரதியில் கையொப்பம் வாங்கியாயிற்று. ஐயா தன் கடதாசிச் சுருள்களுக்கென்று வண்டியில் ஒரு சிறிய சாக்கைத் தானாகவே கட்டிவிட்டார். கச்சான் கோதை மட்டும் சனம் இன்னும் மணலில்தான் போடுகிறது. அது உக்கிவிடும், அதை நாங்கள் எண்ணுவதில்லை.